இறாலுக்குக் கிடைத்த சுவர்: எண்ணூர் சாலையில் ஓர் எடைமேடை அறை

எண்ணூர் விரைவுச் சாலையில் இறாலும் திராட்சையும் மருந்துக் குப்பிகளும் குளிரூட்டப்பட்ட கன்டெய்னர்களில் துறைமுகத்துக்குப் போகின்றன. அந்த வண்டிகளை எடை போடும் பெண் தகரக் கொட்டடியில் உட்கார்ந்திருந்தாள். பெயர் செல்வி, வயது நாற்பத்தொன்பது, என் தங்கை. இந்த ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு பிற்பகல், எடைச்சீட்டை அச்சிடக் கொடுத்தவள் அது வெளியே வருவதற்குள் மேசைமேல் சரிந்தாள். மருத்துவமனையில் ஒரு நாள் கிடந்துவிட்டுத் திரும்பியவளிடம் எடைமேடையின் முதலாளி சொன்னது இது: "உனக்கு வயசாவுதும்மா. வூட்ல ரெஸ்ட் எடு. நான் சின்னப் பையனா ஒருத்தன வெச்சிக்கிறேன்." கொட்டடியின் சூட்டைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பையன் கிடைக்கும்வரை செல்வியே எடை போட்டாள்.

மே மாதத் தொடக்கத்தில் நான் திருச்சியிலிருந்து கிளம்பியதற்கு இதுதான் காரணம். சின்ன அறை ஒன்றை உறுதியாக, மின்சாரத்தை அதிகம் கேட்காத வகையில் கட்டிக்கொள்ள விரும்பி ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் வர நினைப்பவர்களுக்காக வழியையும் கட்டணத்தையும் வேலையின் வரிசையையும் எழுதுகிறேன். இடையில் கோபம் தொனித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், தொனிக்கத்தான் எழுதியிருக்கிறேன்.

என்னைப் பற்றி இரண்டு வரி. வடசென்னை எம்.கே.பி. நகர்க் குடியிருப்பில் பிறந்து, பொறியியல் படித்து, இருபத்தெட்டு ஆண்டுகள் குளிர்பதனக் கிடங்குகளில் வேலை பார்த்தவன். மீன் கெடாமல் இருக்கச் சுவர் எவ்வளவு தடிமன் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சம்பளம் வாங்கினேன். மனிதர் கெடாமல் இருக்க எவ்வளவு தடிமன் வேண்டும் என்று எந்த நிறுவனமும் என்னிடம் கேட்டதில்லை.

எழும்பூரில் இறங்கி, மின்சார ரயிலில் கடற்கரை நிலையம் போய், அங்கிருந்து கும்மிடிப்பூண்டி வண்டியைப் பிடிப்பதுதான் எளிய வழி. கடற்கரையிலிருந்து திருவொற்றியூருக்கு ஐந்து ரூபாய், அரை மணி நேரப் பயணம். மெட்ரோவும் உண்டு, ஆனால் ராயபுரத்தைத் தாண்டியதும் சன்னல் வழியாக வரும் கருவாட்டு வாடையும் டீசல் வாடையும் அதில் கிடைக்காது. இந்த வாடையைக் கேலி செய்தே திரைப்படங்களில் பலர் பிழைத்திருக்கிறார்கள். நகரம் தின்னும் மீனும் நகரம் எரிக்கும் மின்சாரமும் இந்த வாடையின் வழியாகத்தான் போகின்றன.

திருவொற்றியூர் தேரடியிலிருந்து பங்கு ஆட்டோவில் எடைமேடைக்கு இருபது ரூபாய். கொட்டடிக்குள் என் வெப்பமானியைத் தொங்கவிட்டேன். பகல் ஒன்றரைக்கு நாற்பத்தாறு டிகிரி. மின்விசிறி அந்தச் சூட்டைக் கிண்டிக்கொண்டிருந்தது. அடுப்புக்குள் கரண்டி போட்ட மாதிரி.

முதலாளி காரில் வந்தார். நான் விஷயத்தைச் சொன்னேன்: அறை எங்கள் செலவு, இடமும் மின் இணைப்பும் அவருடையவை. வரிசையில் நின்ற ஓட்டுநர்கள் வேடிக்கை பார்க்க இறங்கி வந்தார்கள். கூட்டம் சேர்ந்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது.

"ஏசிக்கெல்லாம் லைன் குடுக்க மாட்டேன். இப்ப இன்னா ஓடுதோ அத்த ஓட்டிக்க. உங்க செலவுல இன்னா வேணா வெச்சிக்கங்க. வெச்சப்புறம் நானே ரெண்டு மணிக்கு வந்து ஒரு மணி நேரம் குந்துவேன். என் சட்டை நனைஞ்சிதுன்னா அம்மா வூட்டுக்குப் போயிடணும்."

"நனையலன்னா?" என்றாள் செல்வி.

"நனையலன்னா உன் வேலை உனக்கு."

ஓட்டுநர்கள் கை தட்டினார்கள். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்தோம். செல்வியின் பதினொரு ஆண்டு உழைப்பு ஒரு சட்டையின் ஈரத்தில் வந்து நின்றது.

அன்று மாலை செல்வி வீட்டில் உட்கார்ந்து வரைந்தோம். எட்டடி அகலம், பத்தடி நீளம். எடைமேடை கிழக்கே இருப்பதால் சன்னல் கிழக்கே மட்டும். அதன்மேல் இரண்டடி நிழல்தகடு. மேற்குச் சுவரில் சன்னல் கிடையாது, பிற்பகல் வெயில் மோதிவிட்டுப் போகட்டும். அறைக்கு அடிப்பாகம் வேண்டாம் என்று முடிவு செய்தேன். மணல்மேல் இரண்டு அங்குலக் கடப்பைக் கல்லைப் பரப்பி அதன்மேல் பெட்டியைக் கவிழ்த்தாற்போல் வைப்பது. இரவில் குளிரும் கல் பகலெல்லாம் காலடியில் குளிர்ச்சியைக் கொடுத்துக்கொண்டிருக்கும். கிழக்குச் சுவரின் கீழே வலைத்துணி போட்ட ஒரு காற்றுவழி. மேற்குச் சுவரின் உச்சியில், கூரையை ஒட்டி நான்கு அங்குல உயரத்துக்கு நீளமான ஒரு திறப்பு. கணினியும் அச்சு இயந்திரமும் ஆளும் சேர்ந்து உண்டாக்கும் சூடு அதன் வழியாக வெளியேற வேண்டும். வெயிலை வெளியே நிறுத்தும் தடித்த சுவர் உள்ளே பிறக்கும் சூட்டையும் உள்ளேயே நிறுத்திவிடும் என்பதை மறப்பவர்கள் அதிகம்.

செல்வி படத்தைப் பார்த்துவிட்டு ஒன்று மட்டும் கேட்டாள். "ண்ணா, எடம் அவரோடது. நாளைக்குத் தொரத்துனா இத்த இன்னா பண்றது? தூக்கிகினு போற மாதிரி பண்ணு." நான்கு மேல் மூலைகளிலும் இரும்புத் தூக்கு வளையம் என்று எழுதிக்கொண்டேன்.

சுவர் மணலி சாலையில் கிடைத்தது. ஆயுள் முடிந்த கன்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கும் யார்டுகள் அங்கே வரிசையாக உள்ளன. தேரடியிலிருந்து ஆட்டோவுக்கு நூற்றைம்பது ரூபாய் கேட்பார்கள், நூற்றிருபதுக்கு வருவார்கள். நாம் தேட வேண்டியது குளிர்சாதனக் கன்டெய்னர். இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மூன்று அங்குல நுரை இருக்கும். தட்டிப் பாருங்கள்: நல்ல நுரை மொத்தென்று ஒலிக்கும், தண்ணீர் குடித்த நுரை கனத்து, கதவோரத்தில் கசியும். எங்களுக்குக் கிடைத்தது பல ஆண்டுகள் உறைந்த இறால் ஏற்றிப்போன பெட்டி. உள்ளே இன்னும் லேசாக மணம் இருந்தது. வாயு வைத்து வெட்ட ஒருபோதும் விடாதீர்கள். நுரை தீப்பிடித்தால் வரும் புகை ஆளைக் கொல்லும். ரம்பத் தகடு போட்டுத்தான் வெட்ட வேண்டும். பத்தடித் துண்டும், திறந்த பக்கத்தை மூட ஒரு பலகையும், சன்னலுக்கும் கிழக்குக் காற்றுவழிக்கும் மேற்குத் திறப்புக்கும் வெட்டும் அங்கேயே முடிந்தன. வளையங்களையும் நுரை இல்லாத மூலை இரும்புகளில் அங்கேயே பற்றவைத்தார்கள்.

இணைப்புகளை அடைக்கும் வேலைக்குத் திருவொற்றியூர்க் கரையில் ஃபைபர் படகு பழுதுபார்க்கும் தேசப்பனை அமர்த்தினோம். செல்விக்கு அண்டை வீட்டுக்காரர். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். தாத்தா காலத்திலிருந்து கடலுக்குப் போகும் குடும்பம். தேசப்பன் மட்டும் கரையில் நின்று படகுகளுக்கு உயிர் கொடுப்பவர். அவருக்கு வேண்டிய ரெசினும் கண்ணாடியிழைப் பாயும் காசிமேட்டில் கிடைக்கும். காலை பத்து மணிக்குள் போனால் மீன் வண்டிகளின் நெரிசலில் மாட்டிக்கொள்வீர்கள். பதினொன்றுக்கு மேல் போங்கள்.

புதன்கிழமை பெட்டித் துண்டு கரைக்கு வந்து சேர்ந்தது. வியாழக்கிழமை நான் டோல்கேட் கடைத்தெருவுக்குப் போய் இரட்டைக் கண்ணாடிச் சன்னலையும் இருபத்தெட்டு வாட் மின்விசிறியையும் வாங்கிக்கொண்டு, அங்கிருந்து நேரே எண்ணூர் போய்க் கடப்பைக் கல்லைப் பரப்பி, நனைத்துத் தார்ப்பாய் போட்டு மூடினேன். தேசப்பன் அன்று முழுக்கக் கரையில் தனியாக வேலை செய்தார். மாலையில் தொலைபேசினார். "முடிச்சிட்டேன் இன்ஜினியரே. பக்கெட்டு பக்கெட்டா தண்ணி ஊத்திப் பாத்துட்டேன். ஒரு சொட்டு உள்ள வரல. இத்தக் கடல்ல வுட்டா இலங்கைக்கே போவலாம்." எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு அறை டிரெய்லரில் எண்ணூர் சாலைக்கு வந்தது. பக்கத்து யார்டில் ஹைட்ரா கிரேன் ஓட்டும் வியாசர்பாடி பாஷா பாய் நான்கு வளையங்களிலும் சங்கிலி மாட்டி, ஒரு குழந்தையைத் தொட்டிலில் இடுவதுபோல் கல்லின்மேல் இறக்கினார். வெள்ளைப் பூச்சு வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. கதவைத் திறந்து உள்ளே போனேன். மேற்குச் சுவரின் உச்சியில் திறப்பு இல்லை. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை வழவழவென்று ஒரே சுவர். கீழே கிழக்குக் காற்றுவழி இருந்த இடமும் அப்படியே.

தேசப்பன் பின்னால் வந்து பெருமையாக நின்றார். "எங்க ஓட்டை இருந்துச்சின்னு உன்னாலயே கண்டுபுடிக்க முடியாது."

"அது நான் வெட்டச் சொன்ன ஓட்டை, தேசப்பன்."

"இன்னாது? நீ சொன்னியா? நான் யார்டுக்காரன் சொதப்பிட்டான்னு நெனச்சிகினு, அவன் வம்சத்தையே திட்டிகினு அடைச்சேன். ரெண்டு பாய் போட்டு, மேல வழவழன்னு ஜெல் கோட்டுப் பூச்சு வேற!"

"வெட்டணும். இப்பவே."

"முடியாதுண்ணா." அவர் குரல் மாறிவிட்டது. "நான் பூசின எடத்துல நானே ஓட்டை போட மாட்டேன். மழை வந்தா? ஐப்பசில காத்தோட அடிக்குமே, அது பக்கவாட்டுல வரும். நாளைக்குத் தண்ணி பூந்து கம்ப்யூட்டர் போச்சின்னா, தேசப்பன் வேலைன்னுதான் சொல்லுவானுங்க."

நான் கணக்குச் சொன்னேன், சூடு எப்படி மேலே ஏறும் என்று விளக்கினேன். படகில் ஒரு துளை என்பது உயிர் போகும் வழி. அதை அடைப்பதையே தொழிலாகக் கொண்டவரிடம் என் விளக்கம் எடுபடவில்லை. மணி ஒன்பதைத் தாண்டிவிட்டது. இரண்டு மணிக்கு ஒரு சட்டை வந்து உட்காரப்போகிறது. செல்வி இதையெல்லாம் கேட்டுக்கொண்டே மூன்று வண்டிகளுக்கு எடைச்சீட்டுக் கொடுத்துவிட்டு, தகரக் கொட்டடியிலிருந்து வியர்வையைத் துடைத்தபடி வந்தாள்.

"இன்னா தேசப்பா, உன் போட்டுல இன்ஜின் பொட்டி மேல கூம்பு மாதிரி ஒண்ணு கீதே, அது இன்னாத்துக்கு?"

"அது இன்ஜின் மூச்சு வுடறதுக்குக்கா."

"இன்ஜின் மூச்சு வுடணும். நான் வுட வேணாமா?"

பாஷா பாய் கிரேனிலிருந்தே சிரித்துவிட்டார். தேசப்பன் சிரிக்கவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். பிறகு வண்டியிலிருந்து கிரைண்டரை எடுத்தார். "தூசி பறக்கும், எல்லாம் வெளிய போங்க. பேஜாரு புடிச்ச குடும்பம்."

பத்தரைக்குள் இரண்டு திறப்புகளும் மீண்டும் திறந்தன. சன்னலையும் மின்விசிறியையும் நான் பொருத்தினேன். பிறகு அவர் என் வரைபடத்தில் இல்லாத ஒன்றைச் செய்தார். கரைக்கு ஆளனுப்பி, தயாராக இருந்த இரண்டு இன்ஜின் கூம்புகளை வரவழைத்து, நீளவாக்கில் அறுத்துச் சேர்த்து, மேற்குத் திறப்பின்மேல் வாய் தரையைப் பார்க்கும்படி கவிழ்த்துப் பொருத்தினார். பக்கவாட்டு மழை உள்ளே ஏறாது. சூடு மட்டும் வெளியேறும். அன்றைக்கு அதனால் வேறொரு பயனும் கிடைத்தது. பகல் பன்னிரண்டுக்கு வர வேண்டிய கடற்காற்று வரவில்லை. "கச்சான் வுட மாட்டேங்குது," என்றார் தேசப்பன். மேற்கிலிருந்து அடிக்கும் அந்த அனல்காற்றுக்கு இங்கே அதுதான் பெயர். கூம்பு இல்லாவிட்டால் அது நேரே உள்ளே புகுந்திருக்கும்.

செல்வி தன் சாமான்களை மாற்றினாள். கணினித் திரைக்கு மேலே சின்னப் புத்தர் படத்தை ஒட்டினாள். தேசப்பன் புதுப் படகுக்குக் கட்டுவதுபோல் வாசலில் எலுமிச்சை கட்டினார். இரண்டும் இன்றும் இருக்கின்றன.

இரண்டு மணிக்கு முதலாளி வெளிர்நீலச் சட்டையில் வந்தார். ஈரம் பளிச்சென்று தெரியும் நிறம்; அதை அவர் யோசித்துப் போட்டதாகவே நான் கருதுகிறேன். வெளியே நிழலில் நாற்பது டிகிரி. செல்வியின் நாற்காலியில் உட்கார்ந்து கதவைச் சாத்தச் சொன்னார். செல்வி நின்றபடியே வண்டிகளை எடை போட்டாள். நான் மூலையில் வெப்பமானியோடு நின்றேன்: முப்பத்திரண்டு, இரண்டரைக்கு முப்பத்து மூன்று, பிறகு அது நகரவில்லை. ஒவ்வோர் ஓட்டுநரும் சீட்டு வாங்கும் சாக்கில் சன்னலில் தலையை நீட்டி, முதலாளியின் அக்குளைப் பார்த்துவிட்டுப் போனார். இரண்டு மின்விசிறிகளுக்கும் நான்கு விளக்குகளுக்கும் போதாத மின்சாரத்தில், இறாலுக்காகச் செய்த சுவருக்குள், என் தங்கை நின்று வேலை செய்தாள். அவள் நெற்றி உலர்ந்திருந்தது. இத்தனை ஆண்டுகளில் நான் கட்டிய எந்தக் கிடங்கிலும் எனக்கு அப்படி நெஞ்சு நிறைந்ததில்லை.

மூன்று மணி ஆயிற்று. சட்டை நனையவில்லை. முதலாளி எழுந்திருக்கவுமில்லை. யாருடனோ தொலைபேசியில் பேசினார். செருப்பைக் கழற்றிவிட்டுப் பாதங்களைக் கடப்பைக் கல்லில் வைத்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பண்ணிகிறீங்க," என்றார். "வேலை அம்மாவுக்குத்தான், சொன்ன சொல்லு மாற மாட்டேன். ரூம நான் ஆபீஸா வெச்சிக்கிறேன். என் எடத்துல நிக்கிறது என்னுதுதானே? அம்மா பழைய ரூம்லயே பாத்துக்கட்டும்."

நான் வாய் திறக்குமுன் செல்வி சன்னலைத் தள்ளி, வெளியே வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கிரேன்காரரைக் கூப்பிட்டாள். "பாஷா பாய், சங்கிலி எங்க கீது?"

"வண்டியிலதான் கீதுக்கா."

"மாட்டு."

ஹைட்ரா உறுமிக்கொண்டு வந்தது. கூரைமேல் முதல் கொக்கி விழுந்த சத்தத்தில் முதலாளி தலையைத் தூக்கினார்.

"ஏய், இன்னா பண்றீங்க? நான் உள்ள குந்திகினு கீறேன்ல!"

"நீங்க குந்துங்க சார்," என்றார் பாஷா பாய், சன்னலில் குனிந்து, மிகுந்த மரியாதையோடு. "இதுக்கு அடிப்பக்கம் கெடையாது. ரூம்பு மட்டும்தான் வரும்."

இரண்டாவது கொக்கி விழுந்தது. வரிசையில் நின்ற டிரெய்லர்களில் ஒன்று காலி. அதன் ஓட்டுநர் கேட்காமலேயே வண்டியைப் பின்னால் எடுக்கத் தொடங்கினார். அறை மேலே போனால் என்ன மிஞ்சும் என்பது முதலாளிக்குப் புரிய இன்னும் சில நொடிகள் ஆயின: நாற்பது டிகிரி வெயில், ஒரு நாற்காலி, அதில் வெளிர்நீலச் சட்டையில் அவர். அவர் செருப்பைத் தேடினார். வெளியே போகும்போது, "வெளையாட்டுக்குச் சொன்னேம்மா" என்றார். செல்வி நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த வண்டியைக் கூப்பிட்டாள். கொக்கிகள் ஆறு மணி வரை வளையங்களிலேயே கிடந்தன.

இப்போது அந்த வழியாகப் போகும் ஓட்டுநர்கள் தங்கள் யார்டுகளில் இதுபோல் ஒன்று ஏன் இல்லை என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். தேசப்பனிடம் இரண்டு பேர் விலை விசாரித்திருக்கிறார்கள். கூம்புக்குத் தனிக் காசு என்று சொல்லியிருக்கிறாராம். எனக்கு மகிழ்ச்சி. சுவரும் பூச்சும் கண்ணாடியும் கிரேனும் ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் நடுவிலேயே கிடைத்தன. ஆட்களும் இங்கேயே இருந்தார்கள். இல்லாமல் இருந்தது, தகரத்துக்குள் உட்கார்ந்திருப்பவர் ஒரு மனிதர் என்ற நினைப்பு மட்டும். அது எந்த யார்டிலும் விற்பனைக்கு இல்லை.

வர நினைப்பவர்களுக்கு: மொத்தச் செலவு எங்களுக்கு ஒரு லட்சத்து எண்பத்தாறாயிரம் ஆயிற்று, கிரேனுக்குப் பாஷா பாய் வாங்க மறுத்ததைச் சேர்க்கவில்லை. தங்குவதற்குத் தேரடிப் பக்கம் விடுதிகள் உண்டு. வேலையை மே மாதத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தவறு இருந்தால் அன்றே தெரிந்துவிடும். அடைக்க வேண்டிய இடத்தையும் அடைக்கக் கூடாத இடத்தையும் சுவரிலேயே பெரிதாகச் சுண்ணாம்பால் குறித்துவிடுங்கள், குறிப்பாகப் பூசுபவர் படகுக்காரராக இருந்தால். இடம் உங்களுடையது இல்லையென்றால், முதலில் நான்கு தூக்கு வளையங்களை வரையுங்கள். சுவரைப் பிறகு வரையலாம்.